கிராஸ்மேட்ச், பி.ஆர்.ஏ., டி.எஸ்.ஏ.: சிறுநீரக மாற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் எளிதாகப் புரியும். முடிவெடுப்பது உங்கள் சிறுநீரக மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ரத்த குரூப் ஒன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு இத்தனை பரிசோதனை?

ரத்த குரூப் பார்ப்பது முதல் படி மட்டும்தான். சிவப்பணுக்களின் மேல் ஏ, பி என்ற அடையாளங்கள் இருப்பதுபோல, வெள்ளை அணுக்கள் உட்பட உடம்பின் பெரும்பாலான செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்துக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் உட்சுவரிலும் அவை உண்டு. இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி.ஆர்., டி.க்யூ., டி.பி. என்று வருவதெல்லாம் இந்தப் புரதங்களின் வகைகள். எச்.எல்.ஏ.-வில் வரும் ஏ, பி-க்கும் ரத்த குரூப்பில் வரும் ஏ, பி-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தானம் தருபவரின் எச்.எல்.ஏ.-வுக்கு எதிராக உங்கள் ரத்தத்தில் முன்பே எதிர்ப்பொருள் (ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி என்று இருக்கும்) இருந்தால், புதுச் சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாய்ந்த உடனேயே அது ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்கும். குழாய்க்குள் ரத்தம் உறைந்து, அறுவை மேசையிலேயே சிறுநீரகம் கறுத்துப்போகலாம். இதை மருத்துவர்கள் ஹைபர்அக்யூட் ரிஜெக்‌ஷன் என்பார்கள். இன்று இது மிக அரிதாகிவிட்டதற்குக் காரணமே இந்தப் பரிசோதனைகள்தான்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்லும் ஆர்.எச். வகை சிறுநீரக மாற்றில் ஒரு பொருட்டே இல்லை. ஓ பாசிட்டிவ் உள்ளவரின் சிறுநீரகத்தை ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு வைக்கலாம்.

எச்.எல்.ஏ. பொருத்தம் 6-க்கு 3 என்று வந்திருக்கிறது. கிராஸ்மேட்ச் என்பதும் இதுதானா?

இல்லை. குடும்பங்களில் அதிகம் குழப்பம் வருவதும் இந்த இடத்தில்தான்.

டிஷ்யூ டைப்பிங்கில் பார்ப்பது இருவரின் எச்.எல்.ஏ. எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது. ஏ, பி, டி.ஆர். மூன்றிலும் இரண்டிரண்டு எண்ணுவதால்தான் "6-க்கு" என்ற கணக்கு. அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி என்று நமக்கு வருவதால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் குறைந்தது பாதியாவது ஒத்திருக்கும். உடன்பிறந்தவர்களில் முழுசாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக நான்கில் இரண்டு, எதுவுமே ஒத்துப்போகாமலிருக்க நான்கில் ஒன்று. கணவன் மனைவிக்குள் 6-க்கு 0 வந்தாலும் ஆச்சரியமில்லை.

கிராஸ்மேட்ச் கேட்பது வேறு கேள்வி. இந்தக் குறிப்பிட்ட தானம் தருபவரின் செல்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள் உங்கள் ரத்தத்தில் இப்போது இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்.

எனவே 6-க்கு 0 உள்ள மனைவியின் சிறுநீரகம், கிராஸ்மேட்ச் நெகட்டிவ் என்றால், கணவருக்கு நன்றாகவே வேலை செய்யலாம். 6-க்கு 3 உள்ள தம்பியின் சிறுநீரகத்தை, கிராஸ்மேட்ச் வலுவான பாசிட்டிவ் என்றால், அப்படியே வைக்க முடியாது. பொருத்தம் அதிகமாக இருப்பது நீண்ட கால நோக்கில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய மருந்துகள் பொருத்தக் குறைவைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகின்றன. எதிர்ப்பொருளை அவ்வளவு எளிதில் ஈடுகட்ட முடிவதில்லை. சொந்தக்காரர்கள் "எத்தனைக்கு எத்தனை வந்தது?" என்று மட்டும் விசாரிப்பார்கள். நீங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது எதிர்ப்பொருளைப் பற்றி.

எனக்கு இதுவரை யாரும் உறுப்பு தந்ததில்லை. எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?

மூன்று வழிகள் முக்கியமானவை: கர்ப்பம், ரத்தம் ஏற்றியது, முன்பு நடந்த உறுப்பு மாற்று. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். இன்னொருவரின் எச்.எல்.ஏ. உங்கள் உடம்புக்குள் வருகிறது, நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகப் பார்த்துப் பதிவு செய்துகொள்கிறது.

கர்ப்பத்தால் எதிர்ப்பொருள் வரும் என்பது 1958-லேயே தெரிந்த விஷயம். அந்த ஆண்டில் ஹாலந்தில் யான் வான் ரூட்டும் அமெரிக்காவில் ரோஸ் பேனும் தனித்தனியே, பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்கு எதிரான பொருட்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் பாரிஸில் ழான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் ரத்தத்தை வைத்து எச்.எல்.ஏ. வகை ஒன்றை முதன்முதலில் விவரித்தார். 1980-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

கருக்கலைந்தது, கலைத்தது எல்லாமே கணக்கில் வரும். மாமியார் முன்னாலோ கணவர் முன்னாலோ சொல்லத் தயங்கினால், டாக்டரிடமோ மாற்று அறுவையை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். 20 வருடத்துக்கு முந்தையது என்றாலும் சொல்லுங்கள். எதிர்ப்பொருளின் அளவு காலப்போக்கில் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடலாம், ஆனால் அதை உருவாக்கக் கற்ற நினைவு செல்கள் உடம்பில் மிச்சமிருக்கும். அதே எச்.எல்.ஏ. மறுபடி உள்ளே வந்தால் அவை சட்டென்று விழித்துக்கொள்ளும்.

என் மனைவிக்கு நான் கிட்னி தரத் தயார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஏதாவது சிக்கல் உண்டா?

சிக்கல் இருந்தே தீரும் என்றில்லை, ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டிய ஜோடி நீங்கள். உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும் எச்.எல்.ஏ.-வில் பாதி உங்களுடையது. அவர்களைச் சுமந்தபோது உங்கள் மனைவியின் உடம்பு அந்தப் பாதிக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். அப்படியானால் அது உங்கள் சிறுநீரகத்தையும் அடையாளம் கண்டுகொள்ளும். பிள்ளைகள் வளர்ந்து அம்மாவுக்குத் தர முன்வந்தாலும் இதே பிரச்சினைதான், ஏனென்றால் அவர்கள் சுமப்பதும் உங்கள் பாதியைத்தான்.

இதையே திருப்பிப் பார்த்தால், மனைவி கணவருக்குத் தரும்போது கர்ப்பம் குறுக்கே வருவதில்லை. நம் ஊரில் மனைவிகளும் அம்மாக்களுமே அதிகமாகத் தானம் தருகிறார்கள். பெண்ணுக்குச் சிறுநீரகம் தேவைப்படும்போதோ கணவர் முன்வருவதே குறைவு, முன்வந்தாலும் இப்படியொரு தடை இருக்கலாம். அந்த நேரத்தில் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் பக்கம் பார்ப்பது நல்லது. கர்ப்பத்தால் வந்த எதிர்ப்பொருள் அவர்களைத் தாக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. "கட்டிக்கொடுத்த பெண்" என்று பிறந்த வீட்டார் ஒதுங்கிக்கொள்வது மருத்துவ ரீதியிலும் நஷ்டம்.

டயாலிசிஸ் செய்யும் இடத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றலாமா?

உயிருக்கு ஆபத்து, நிற்காத ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். வருங்கால மாற்று அறுவையை நினைத்து இன்று உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. மற்றபடி, "நம்பர் கொஞ்சம் குறைவு" என்பதற்காக மட்டும் ஏற்ற வேண்டாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் முறையாகப் போட்டுக்கொண்டால் பல பேருக்கு ரத்தமே தேவைப்படாது. மாதக்கடைசியில் கையில் காசில்லாமல் ஊசியைத் தள்ளிப்போடுவதும், அப்புறம் ரத்தம் ஏற்றுவதும் பலர் வீட்டில் நடக்கிறது. அதற்குப் பின்னால் வரும் செலவு ஊசியின் விலையைவிடப் பெரிது.

ஏற்றியே ஆக வேண்டுமென்றால், வெள்ளை அணுக்களை வடிகட்டிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். எதிர்ப்பொருள் வரும் வாய்ப்பை அது குறைக்கும், முழுசாக நீக்காது. ஏற்றிய தேதியைக் குறித்துவைத்து மாற்று அறுவைக் குழுவிடம் சொல்லுங்கள். புது எதிர்ப்பொருள் தலைகாட்டச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், ரத்தம் ஏற்றிய பின் புதிதாக சாம்பிள் எடுத்துப் பார்ப்பார்கள். பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி இருக்க முடியாது.

சி.டி.சி., ஃப்ளோ, லூமினெக்ஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் வேண்டுமா?

சி.டி.சி. கிராஸ்மேட்ச் மூன்றிலும் பழையது. தானம் தருபவரின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றோடு உங்கள் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர், எதிர்ப்பொருள் இருப்பது இதில்தான்) சேர்ப்பார்கள். அதன் மேல் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தை (வழக்கமாக முயலின் சீரத்திலிருந்து) விடுவார்கள். உங்கள் எதிர்ப்பொருள் அந்த செல்களில் ஒட்டியிருந்தால் காம்ப்ளிமென்ட் செல்லைத் துளைத்துக் கொன்றுவிடும். சாயம் விட்டு, எத்தனை சதவீதம் செத்தது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பல லேப்களில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் நெகட்டிவ்.

இந்தச் சோதனையை ஒரு சொட்டுக்கும் குறைவான சீரத்தில் செய்யும் முறையை 1964-ல் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றிய பால் டெராசாகி. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது சிறுவனாக முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். 1969-ல் அவரும் பட்டேல் என்ற ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு ஒன்று இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் மாற்று செய்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகத் தோற்றது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படித் தோற்றது 8 பேருக்கு மட்டும். அதற்குப் பிறகுதான் கிராஸ்மேட்ச் இல்லாமல் தியேட்டருக்குள் போகக் கூடாது என்ற வழக்கம் உறுதிப்பட்டது.

ஃப்ளோ கிராஸ்மேட்சும் உயிருள்ள செல்களை வைத்துத்தான். ஆனால் செல் சாகிறதா என்று பார்க்காமல், எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று லேசர் கருவியில் பார்ப்பார்கள். அதனால் குறைந்த அளவும் தெரியும்.

லூமினெக்ஸில் செல்லுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள். சிங்கிள் ஆன்டிஜென் என்ற வகையில் ஒவ்வொரு மணியின் மேலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. புரதம் பூசியிருக்கும். உங்கள் சீரத்தில் எந்தெந்த எச்.எல்.ஏ.-வுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பெயர் பெயராகச் சொல்லிவிடும். அந்தப் பெயர்களில் ஏதாவது தானம் தருபவரிடம் இருந்தால், அதுதான் டி.எஸ்.ஏ., அதாவது அந்த நபருக்கே எதிரான எதிர்ப்பொருள். நம் நாட்டு லேப்களில் பல, செலவு குறைவு என்பதால், தானம் தருபவரின் செல்களை உடைத்து அந்தப் புரதங்களை மணிகளில் ஏற்றிச் செய்யும் லூமினெக்ஸ் கிராஸ்மேட்சையும் டி.எஸ்.ஏ. டெஸ்ட் என்றே எழுதுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. எந்த முறையில் செய்தது என்று ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமோ ரத்தம் ஏற்றியதோ எதுவும் இல்லாத ஆணுக்கு, அண்ணன் தரும் முதல் சிறுநீரகம் என்றால், சி.டி.சி.-யோடு ஃப்ளோவோ லூமினெக்ஸோ ஒன்று போதும் என்று பல மையங்கள் முடிவு செய்யும். இரண்டாவது முறை மாற்று செய்பவருக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் சிங்கிள் ஆன்டிஜென் வரை போவது நல்லது என்பது என் எண்ணம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

பி.ஆர்.ஏ. 60 சதவீதம் என்று வந்திருக்கிறது. உறுப்பு நிராகரிக்கப்பட 60 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா?

இல்லை, பயப்படாதீர்கள். பொதுமக்களில் 100 பேரை எடுத்தால், சுமார் 60 பேரின் எச்.எல்.ஏ.-வுக்கு எதிராக உங்களிடம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பொருள். மீதி 40 பேரில் ஒருவர் தந்தால் அந்த எதிர்ப்பொருள் எதுவும் செய்யாது. பொருந்தும் ஆளைத் தேடுவது கடினம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உங்கள் தங்கை அந்த 40-இல் இருக்கிறாரா என்பதை டி.எஸ்.ஏ.-வும் கிராஸ்மேட்சும் சொல்லும்.

எம்.எஃப்.ஐ. 3,000 என்று இருக்கிறது. அதிகமா, குறைவா?

எம்.எஃப்.ஐ. என்பது லூமினெக்ஸ் மணியிலிருந்து வரும் ஒளியின் அளவு. எதிர்ப்பொருள் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு அல்ல. 10,000 என்றால் 1,000-ஐப் போலப் பத்து மடங்கு என்றும் சொல்ல முடியாது. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்பதும் லேபுக்கு லேப் மாறும். ஒரு லேப் ரிப்போர்ட்டையும் இன்னொரு லேப் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து "கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் ஒரே லேபில் செய்யுங்கள்.

எண் குறைவு என்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. எதிர்ப்பொருள் மிக மிக அதிகமாக இருக்கும்போது காம்ப்ளிமென்ட் குறுக்கிட்டு எம்.எஃப்.ஐ. பொய்யாகக் குறைந்து காட்டுவது உண்டு. சந்தேகம் வந்தால் சீரத்தை நீர்க்கச் செய்து திரும்பப் பார்ப்பார்கள்.

கிராஸ்மேட்ச் பாசிட்டிவ். எல்லாம் முடிந்துவிட்டதா?

முதலில் அது உண்மையான பாசிட்டிவா என்று பார்க்க வேண்டும். லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களிடம், தன் செல்களையே தாக்கும் எதிர்ப்பொருள் இருந்து சி.டி.சி. பாசிட்டிவ் காட்டலாம். உங்கள் சீரத்தை உங்கள் செல்களோடே சேர்த்துச் செய்யும் ஆட்டோ கிராஸ்மேட்சில் இது தெரியும். ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் பெரும்பாலும் தீங்கு செய்யாது. டைதயோத்ரைட்டால் (DTT) என்ற ரசாயனம் சேர்த்துத் திரும்பச் செய்தால் அந்த வகை உடைந்து, ரிப்போர்ட் நெகட்டிவ் ஆகும். லிம்போசைட்டுகளில் டி செல், பி செல் என்று இரண்டு வகை உண்டு, இரண்டையும் தனித்தனியே பார்ப்பார்கள். பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி போட்டிருந்தால் பி செல் கிராஸ்மேட்ச் பொய்யாக பாசிட்டிவ் வரும். எனவே எடுத்துக்கொண்ட ஊசிகளின் பட்டியல் லேபுக்குப் போக வேண்டும். டி செல்லில் நெகட்டிவ், பி செல்லில் மட்டும் பாசிட்டிவ் என்றால் அதற்கும் தனியாக அர்த்தம் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே டி.எஸ்.ஏ. இருக்கிறது என்றால், முதல் கேள்வி வீட்டில் வேறு யாராவது தர முடியுமா என்பது. இல்லையென்றால் ஸ்வாப். உங்களைப் போலவே பொருந்தாமல் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு தானத்தை மாற்றிக்கொள்வது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011-ல் வந்த திருத்தம் இதற்கு வழி செய்தது. இரு பக்கமும் தானம் தருபவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ரத்த குரூப் சேராதவர்களுக்கு மட்டும்தான் ஸ்வாப் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்ப்பொருளால் தடைபட்டவர்களும் கேட்கலாம்.

மூன்றாவது வழி டிசென்சிடைசேஷன், அதாவது எதிர்ப்பொருளைக் குறைத்துவிட்டு மாற்று செய்வது. பிளாஸ்மாவை இயந்திரத்தில் பிரித்து எதிர்ப்பொருளை நீக்குவது, ஐ.வி.ஐ.ஜி. (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் கலவை) ஏற்றுவது, ரிட்டுக்சிமாப் தருவது என்று சேர்த்துச் செய்வார்கள். எதிர்ப்பொருளையே வெட்டிவிடும் இம்லிஃபிடேஸ் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2020-ல் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. டிசென்சிடைசேஷனில் செலவு அதிகம், தொற்று ஆபத்து உண்டு, குறைத்த எதிர்ப்பொருள் மறுபடி ஏறவும் செய்யலாம். பொருந்தும் ஸ்வாப் ஜோடி கிடைக்குமானால் நான் அதற்கே காத்திருக்கச் சொல்வேன்.

மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துவிட்டு, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை இப்போது மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் நடத்துகிறது. ஒரு சிறுநீரகத்துக்கு வரிசையில் முன்னால் இருக்கும் ஒருவருக்கு மேற்பட்டவர்களை வரச்சொல்வது வழக்கம். எல்லோருடைய சீரத்தோடும் தானம் தந்தவரின் செல்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு நெகட்டிவ் வந்திருக்கலாம், அல்லது உங்களுக்கு பாசிட்டிவ் வந்திருக்கலாம். இரண்டில் எது என்று கோஆர்டினேட்டரிடம் கட்டாயம் கேளுங்கள். முன்னதென்றால் காத்திருந்தால் போதும். பின்னதென்றால், குறிப்பாக இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால், சிங்கிள் ஆன்டிஜென் செய்து எந்த எச்.எல்.ஏ.-வைத் தவிர்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அறுவை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியதும் மறுபடி டி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்கிறார். முன்பு நெகட்டிவ்தானே?

மாற்றுக்குப் பின் புதிதாகவும் எதிர்ப்பொருள் வரும். டி.க்யூ. வகைக்கு எதிராக வருவது அதிகம். மாத்திரையை விட்டுவிடுவதும் நேரம் தவறிப் போடுவதும் இதற்குப் பெரிய காரணங்கள். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று, ரிஜெக்‌ஷனைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒருவேளையாகக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. வேறு மருந்தாலும் நேரலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் வெகுவாக இறக்கிவிடும். உள்ளூரில் காசநோய் மாத்திரை ஆரம்பித்தால் அன்றே உங்கள் சிறுநீரக மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

டி.எஸ்.ஏ. பாசிட்டிவ் என்பது மட்டுமே ரிஜெக்‌ஷன் ஆகிவிடாது. பயாப்சி செய்து (மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து), சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கிறதா, சி4டி என்ற தடயம் படிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான், பேன்ஃப் என்ற சர்வதேச வகைப்பாட்டின்படி முடிவு சொல்வார்கள். எச்.எல்.ஏ. அல்லாத எதிர்ப்பொருட்களாலும் சேதம் வரலாம் என்பதால், டி.எஸ்.ஏ. நெகட்டிவாக இருந்தும் பயாப்சி கேட்பது உண்டு. எதிர்ப்பொருளால் வரும் ரிஜெக்‌ஷன் சில நேரம் வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் மெல்ல நடக்கும். சிறுநீரில் புரதம் ஒழுகுவது முதல் தடயமாக இருக்கலாம்.

கல்லீரல், இதய மாற்றுக்கும் இதே பரிசோதனைதானா?

கல்லீரல் எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பல இடங்களில் கிராஸ்மேட்ச் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. இதயமும் நுரையீரலும் அப்படியல்ல. எடுத்த இதயத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும் என்பதால், நோயாளியின் எதிர்ப்பொருள் பட்டியலை முன்பே தயாராக வைத்து, தானம் தருபவரின் எச்.எல்.ஏ.-வோடு காகிதத்திலேயே ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள். இதை விர்ச்சுவல் கிராஸ்மேட்ச் என்கிறார்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். கிராஸ்மேட்சுக்கு உயிருள்ள செல் வேண்டும் என்பதால் தானம் தருபவரின் சாம்பிள் ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து கூரியரில் அனுப்புவதைவிட நேரில் வந்து கொடுப்பது மேல். சனிக்கிழமை மாலை வராதீர்கள். பல லேப்களில் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை நடக்காது.